ஆன்லைன் தொழில் ஆரம்பிக்கிறேன், என்னென்ன தவறுகளைத் தவிர்க்க வேண்டும்?

கேள்வி சுருக்கமாக இது: வேலையில் இருந்துகொண்டே ஆன்லைனில் பொருள் விற்கும் தொழில் ஒன்றை ஆரம்பிக்க ஆசை. பெயர் வைத்தாயிற்று, லோகோ தயார், வெப்சைட் செய்து தர ஆள் கிடைத்துவிட்டார். ஆரம்பத்தில் பலரும் எங்கே சறுக்குகிறார்கள், அதை எப்படித் தவிர்ப்பது?

இதில் பெயர் இருக்கிறது, லோகோ இருக்கிறது, வெப்சைட் வரப்போகிறது. யார் வாங்கப்போகிறார்கள் என்பது மட்டும் இல்லை. நான் பார்த்த வரையில் புதிதாக வருகிறவர்களைக் கவிழ்ப்பது இந்த வரிசைதான். கண்ணுக்குத் தெரிகிற வேலைகளை முதலில் முடிக்கிறார்கள், அதில் ஒரு சந்தோஷமும் கிடைக்கிறது. பணம் கொடுத்து வாங்க ஆள் உண்டா, ஒவ்வொரு விற்பனையிலும் கையில் ஏதாவது மிஞ்சுமா என்ற இரண்டு கேள்விகளும் கடைசிக்குப் போய்விடுகின்றன. அங்கே வந்து சேருவதற்குள் சேமிப்பில் பாதி கரைந்திருக்கும்.

முதல் கேள்வியை எடுத்துக்கொள்வோம். நண்பர்களிடமும் சொந்தக்காரர்களிடமும் யோசனையைச் சொன்னால் "அருமை, கண்டிப்பாகச் செய்" என்பார்கள். அன்பில் சொல்கிறார்கள். அதை வைத்து ஸ்டாக் வாங்க முடியாது. உங்களை முன்பின் தெரியாத ஒருவர் பணம் அனுப்பினாரா என்பதை மட்டும் கணக்கில் எடுங்கள். லைக், ஃபாலோயர் எண்ணிக்கை, "விலை என்ன?" என்று கேட்டுவிட்டுக் காணாமல் போனவர்களின் மெசேஜ் எதுவும் அதற்கு ஈடாகாது.

1999இல் நிக் ஸ்வின்மர்ன் ஆன்லைனில் ஷூ விற்க நினைத்தார். காலில் போட்டுப் பார்க்காமல் யாராவது ஷூ வாங்குவார்களா என்பதே அப்போது பெரிய சந்தேகம். அவர் ஸ்டாக் வாங்கி அடுக்கவில்லை. பக்கத்துக் கடைகளுக்குப் போய் ஷூக்களைப் படம் பிடித்து வெப்சைட்டில் போட்டார். ஆர்டர் வந்தால் அதே கடையில் முழு விலை கொடுத்து வாங்கி அனுப்பினார். அதில் லாபம் எதுவும் கிடையாது. ஆனால் ஆட்கள் வாங்குவார்கள் என்பது பெரிய முதலீடு இல்லாமலே தெரிந்துவிட்டது. அந்தத் தளம்தான் ஜாப்போஸ் ஆனது. 2009இல் அதை அமேசான் வாங்கியது.

அதே காலகட்டத்தில் வெப்வேன் என்ற மளிகை டெலிவரி நிறுவனம் நேர் எதிரான வழியில் போனது. தானியங்கிக் கிடங்குகள் கட்ட மட்டும் 100 கோடி டாலருக்கு ஒப்பந்தம் போட்டது. அவ்வளவு ஆர்டர் வருமா என்று தெரிவதற்கு முன்பே கட்டுமானம் தொடங்கிவிட்டது. 2001 ஜூலையில் திவாலானது. வீட்டுக்கே மளிகை கொண்டுவந்து தரும் யோசனையில் தப்பில்லை, பிற்பாடு பலர் அதைச் செய்துகாட்டினார்கள். ஆர்டர் வருவதற்கு முன்பே செலவு ஓடியதுதான் அவர்களை முடித்தது.

பொருள் விற்காமல் மென்பொருளோ சேவையோ விற்பதாக இருந்தாலும் இதே சோதனையைச் செய்யலாம். பஃபர் என்ற சமூக ஊடகக் கருவி 2010இல் வெறும் இரண்டு பக்கங்களாகத்தான் இருந்தது. முதல் பக்கத்தில் கருவி என்ன செய்யும் என்ற விளக்கம். பட்டனை அழுத்தினால் "இன்னும் தயாராகவில்லை, ஈமெயில் கொடுங்கள், சொல்கிறோம்" என்ற இரண்டாம் பக்கம். ஆர்வம் இருப்பது தெரிந்ததும் நடுவில் விலைப் பட்டியலாக மூன்றாவது பக்கம் ஒன்றைச் சேர்த்து, கட்டணத் திட்டத்தை யாராவது அழுத்துகிறார்களா என்று பார்த்தார்கள். அழுத்தினார்கள். அதற்கு அப்புறம்தான் கருவியை எழுதவே உட்கார்ந்தார்கள்.

நீங்களும் அப்படிச் செய்யலாம். ஒரே ஒரு பொருள், ஒரு பக்கம், நல்ல வெளிச்சத்தில் எடுத்த நாலு படம், விலை, பணம் கட்ட ஒரு லிங்க் போதும். முன்பதிவாகப் பணம் வாங்கினால் என்றைக்குக் கைக்கு வரும் என்பதையும், அந்தத் தேதிக்குள் அனுப்ப முடியாவிட்டால் முழுப் பணமும் திரும்பும் என்பதையும் பக்கத்திலேயே எழுதிவிடுங்கள். தெரியாதவர்கள் பத்து பேர் வாங்கிவிட்டால் அடுத்த கட்டத்துக்குப் போகலாம். நிறைய பேர் வந்து பார்த்தும் ஒருவர்கூட வாங்கவில்லை என்றால் பொருளோ, விலையோ, நீங்கள் கூப்பிட்ட ஆட்களோ சரியில்லை. பார்த்துவிட்டு வாங்காமல் போனவர்களில் சிலரிடம் ஏன் என்று கேளுங்கள். கூச்சமாகத்தான் இருக்கும். ஆனால் அங்கே கிடைக்கும் பதிலை எந்த ஆலோசகரும் தர முடியாது.

இரண்டாவது கேள்வி, மிஞ்சுமா? இங்கேதான் அதிகம் பேர் மூழ்குகிறார்கள், மூழ்குவது தெரியாமலே. வாங்கியது 40, விற்பது 100, ஆகவே லாபம் 60 என்று மனக்கணக்குப் போடுகிறார்கள். ஒரு ஆர்டரை எடுத்து முழுதாகப் பிரித்துப் பார்ப்போம். விலை 100. பொருள் அடக்கம் 40, பேக்கிங் 5, கொரியர் 15, பேமென்ட் கேட்வே (வாங்குபவரின் பணத்தை ஆன்லைனில் பெற்று உங்கள் வங்கிக்கு அனுப்பும் சேவை) கட்டணம் 3. மிச்சம் 37. அறுபது எங்கே, முப்பத்தேழு எங்கே!

இன்னும் முடியவில்லை. பத்தில் ஒன்று திரும்பி வருகிறது என்று வையுங்கள். திரும்பி வந்த பார்சலுக்குப் போகும்போது கொரியர் 15, வரும்போது 15, பேக்கிங் 5. பணத்தைத் திருப்பிக் கொடுத்தாலும் கேட்வே கட்டணத்தைப் பல நிறுவனங்கள் திருப்பித் தருவதில்லை, அது 3. மொத்தம் 38 நஷ்டம். அதாவது ஒரு ரிட்டர்ன் ஒரு நல்ல விற்பனையின் லாபத்தை முழுசாக விழுங்கிவிடுகிறது. பத்து ஆர்டரில் ஒன்பது நன்றாகப் போய் ஒன்று திரும்பினால் ஆர்டருக்குச் சராசரியாக நிற்பது 29.50. திரும்பிய பொருள் மறுபடி விற்கிற நிலையில் இருந்தால்தான் இதுவும். துணி, செருப்பு போல அளவு சார்ந்த பொருட்களில் பத்தில் ஒன்று என்பது நல்ல நிலைமை என்றே சொல்ல வேண்டும். அளவு அட்டவணையைத் தெளிவாகப் போடுவது, நிறம் மாறாமல் படம் எடுப்பது, பக்கத்தில் தெரிந்த ஒரு பொருளை வைத்து அளவு புரியும்படி காட்டுவது, இவை எல்லாம் நேரடியாகப் பணத்தை மிச்சப்படுத்தும் வேலைகள்.

அடுத்தது விளம்பரம். ஒரு கிளிக்குக்கு 1 செலவு என்று வைப்போம். வருகிற நூறு பேரில் இரண்டு பேர் வாங்கினால் ஒரு ஆர்டருக்கு 50 கிளிக் வேண்டும், விளம்பரச் செலவு 50. கையில் நிற்பது 29.50. ஒவ்வொரு ஆர்டருக்கும் 20.50 நஷ்டம். இந்த நிலையில் "விற்பனை ஏறுகிறதே" என்று விளம்பரத்தை இரட்டிப்பாக்குகிறவர்கள் நஷ்டத்தை இரட்டிப்பாக்குகிறார்கள். பெட்ஸ் டாட் காம் 2000 பிப்ரவரியில் பங்குச் சந்தைக்கு வந்து அதே ஆண்டு நவம்பரில் மூடியது. செல்லப் பிராணிகளுக்கான கனமான தீவன மூட்டைகளை அடக்கத்துக்கும் குறைந்த விலைக்கு விற்று, பெரிய டிவி விளம்பரங்கள் மூலம் கூட்டத்தைக் கூப்பிட்டார்கள். கூட்டம் வந்தது. வந்த ஒவ்வொரு ஆர்டரும் செலவைக் கூட்டியது.

இந்தக் கணக்கைச் சரிசெய்ய வழிகள் உண்டு. விலையை ஏற்றுவது, கொரியர் செலவு பரவலாகும்படி இரண்டு மூன்று பொருளைச் சேர்த்து விற்பது, வருகிறவர்களில் வாங்குகிறவர்களின் விகிதத்தைக் கூட்டுவது, ஒருமுறை வாங்கியவர் விளம்பரம் இல்லாமலே மறுபடி வரும்படி செய்வது. கடைசியில் சொன்னதற்குத்தான் வலிமை அதிகம். இரண்டாவது முறை அதே ஆள் வந்தால் அந்த 29.50 முழுக்க உங்களுடையது. ஒரே ஒருமுறை மட்டும் வாங்கக்கூடிய பொருளை விளம்பரத்தை மட்டும் நம்பி விற்பது, புதிதாக வருகிறவருக்கு மிகக் கடினமான பாதை.

விலையைக் குறைத்தால் ஆள் வரும் என்பதும் பரவலான தவறுதான். மேலே சொன்ன உதாரணத்திலேயே ரிட்டர்னையும் விளம்பரத்தையும் விட்டுவிட்டுப் பாருங்கள். 10 சதவீதம் ஆஃபர் கொடுத்தால் 37ஆக இருந்த மிச்சம் சுமார் 27 ஆகிவிடும். பழைய லாபத்தை எட்டவே மூன்றில் ஒரு பங்குக்கும் மேல் கூடுதலாக விற்க வேண்டும். பெரிய நிறுவனங்கள் இதைத் தாங்கும். நீங்கள் தாங்க வேண்டிய அவசியம் இல்லை. சேவை விற்பவர்கள் இன்னொன்றையும் சேர்த்துக்கொள்ளுங்கள்: வாடிக்கையாளரோடு பேசுவது, திருத்தங்கள், பில் அனுப்பிப் பணத்துக்காக நினைவூட்டுவது எல்லாமே உங்கள் நேரம்தான். அதற்கு விலை போடாமல் விட்டால், வேலை பெருகப் பெருகச் சோர்வுதான் பெருகும்.

யாருக்கு விற்கிறீர்கள் என்று கேட்டால் "எல்லோருக்கும்" என்று பதில் வந்தால் எனக்குக் கவலையாகிவிடும். அமேசானே 1995 ஜூலையில் புத்தகங்களை மட்டும் வைத்துத்தான் கடை திறந்தது. எத்தனை நாள் வைத்தாலும் கெடாது, அனுப்புவது எளிது, எந்தக் கடையிலும் வைக்க முடியாத அளவுக்குத் தலைப்புகள் உண்டு என்ற தெளிவான காரணங்கள் அதற்கு இருந்தன. நீங்கள் கைப்பை விற்பதாக இருந்தால் "கைப்பை" என்பதைவிட "லேப்டாப்போடு தினமும் ரயிலில் போகிற பெண்களுக்கான கைப்பை" என்பது விற்க எளிது. படம், வாசகம், விலை, விளம்பரம் காட்டும் இடம் எல்லாம் தானாக முடிவாகிவிடும்.

வெப்சைட் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. மாதச் சந்தாவில் கிடைக்கும் தயார் கடைத் தளம் ஒன்றே ஆரம்பத்துக்குப் போதும். வேகமாகத் திறக்க வேண்டும், ஃபோனில் கட்டை விரலால் வாங்கிமுடிக்க முடிய வேண்டும். பூ டாட் காம் என்ற உடை விற்பனைத் தளம் 1999 நவம்பரில் ஏகப்பட்ட அசைவுப் படங்களோடும் முப்பரிமாணக் காட்சிகளோடும் வந்தது. பெரும்பாலான வீடுகளில் அப்போது இருந்தது மெதுவான டயல்-அப் இணைப்பு. பக்கம் திறக்கவே காத்திருக்க வேண்டியிருந்தது. சுமார் 13.5 கோடி டாலர் செலவழித்து 2000 மே மாதம் மூடினார்கள். இன்றைக்கு வேகம் கூடிவிட்டது, பொறுமை கூடவில்லை. ஆன்லைன் வாங்குபவர்களின் நடத்தையை ஆராயும் பேமார்ட் நிறுவனத்தின் கணக்குப்படி, கூடையில் பொருள் போட்டவர்களில் சுமார் 70 சதவீதம் பேர் வாங்காமலே போய்விடுகிறார்கள். சும்மா பார்க்க வந்தவர்கள் போக மற்றவர்கள் சொல்லும் முதல் காரணம், கடைசிப் பக்கத்தில் திடீரென்று முளைக்கும் கூடுதல் கட்டணம். "கணக்கு ஆரம்பித்தால்தான் வாங்கலாம்" என்று கட்டாயப்படுத்துவதும் முக்கியக் காரணங்களில் ஒன்று. கொரியர் கட்டணத்தைப் பொருளின் பக்கத்திலேயே காட்டுங்கள், கணக்கு இல்லாமலும் வாங்க விடுங்கள்.

இனி, அடித்தளம் யார் கையில் இருக்கிறது என்ற விஷயம். ஒரே ஒரு சமூக ஊடகப் பக்கத்தை மட்டும் வைத்துத் தொழில் நடத்துகிறவர்கள் ஏராளம். 2021 அக்டோபர் 4 அன்று ஃபேஸ்புக், இன்ஸ்டாகிராம், வாட்ஸ்அப் மூன்றும் ஒரே நேரத்தில் சுமார் ஆறு மணி நேரம் முடங்கின. அவற்றில் மட்டும் கடை வைத்திருந்தவர்களுக்கு அன்று வாடிக்கையாளரோடு பேசக்கூட வழியில்லை. முடக்கமாவது அன்றைக்கே சரியாகிவிட்டது. விதிகள் மாறினால் அப்படிச் சரியாகாது. 2011 பிப்ரவரியில் கூகுள் பாண்டா என்ற மாற்றத்தைக் கொண்டுவந்தபோது, சத்தில்லாத கட்டுரைகளைக் குவித்துத் தேடலில் மேலே வந்த தளங்கள் சட்டென்று கீழே போயின. 2021 ஏப்ரலில் ஐஃபோனில் ஆப்கள் பயனரைப் பின்தொடர அனுமதி கேட்டாக வேண்டும் என்று ஆப்பிள் விதித்ததும், துல்லியமான இலக்கு விளம்பரத்தை நம்பியிருந்த சிறு விற்பனையாளர்கள் பலரின் கணக்கு தப்பியது. ஃபேஸ்புக்கின் தாய் நிறுவனமான மெட்டாவே 2022இல் தன் வருமானத்தில் இதனால் சுமார் 1,000 கோடி டாலர் குறையும் என்று சொன்னது.

அந்தத் தளங்களை விட்டுவிடச் சொல்லவில்லை. கூட்டம் அங்கேதான் இருக்கிறது, அங்கே போய்த்தான் கூப்பிட வேண்டும். ஆனால் வாங்கியவரின் பெயர், ஈமெயில், என்ன வாங்கினார் என்ற விவரம் உங்களிடம் தனியாக இருக்கட்டும், அவர் சம்மதத்தோடு. முதல் விற்பனையிலிருந்தே இதை ஆரம்பியுங்கள். கூகுள் தேடல் வழியாக ஆட்கள் வருவதற்கும் பொறுமை வேண்டும். தேடல் சார்ந்த மேம்பாடுகளுக்குப் பலன் தெரிய பெரும்பாலும் 4 மாதம் முதல் ஓராண்டு வரை ஆகும் என்று கூகுளே 2017இல் ஒரு விளக்க வீடியோவில் சொல்லியிருக்கிறது. "ஒரே மாதத்தில் முதல் பக்கம்" என்று வாக்குக் கொடுக்கிறவரிடம் பணம் கொடுக்காதீர்கள்.

வெப்சைட் செய்து தர ஆள் கிடைத்துவிட்டார் என்றீர்களே, அவரிடம் இன்றைக்கே கேட்க வேண்டியது ஒன்று உண்டு. டொமைன், அதாவது வெப்சைட்டின் முகவரி, யார் பெயரில், யார் ஈமெயிலில் பதிவாகப்போகிறது? உங்கள் பெயரில்தான் இருக்க வேண்டும். ஹோஸ்டிங் (வெப்சைட்டின் கோப்புகளை இணையத்தில் வைக்க எடுக்கும் வாடகை இடம்), பேமென்ட் கேட்வே, விளம்பரக் கணக்கு எல்லாமும் அப்படியே. அவருக்குப் பயன்படுத்தும் அனுமதியை மட்டும் கொடுங்கள். நட்பில் கோளாறு வந்தபிறகு டொமைனைத் திரும்ப வாங்க அலைகிறவர்களைப் பார்த்து எனக்கு வருத்தம்தான் மிஞ்சுகிறது, ஏனென்றால் ஆரம்பத்தில் ஐந்து நிமிட வேலை அது. டொமைனுக்குத் தானியங்கிப் புதுப்பிப்பையும் போட்டுவையுங்கள். 1999 டிசம்பரில் மைக்ரோசாஃப்ட் நிறுவனமே, தன் ஹாட்மெயில் ஈமெயில் சேவையின் உள்நுழைவுக்குப் பயன்பட்ட பாஸ்போர்ட் டாட் காம் டொமைனைப் புதுப்பிக்க மறந்து, ஹாட்மெயிலுக்குள் பலர் நுழைய முடியாமல் போனது. யாரோ ஒரு வெளியாள் 35 டாலர் கட்டி அதைச் சரிசெய்தார்.

வெப்சைட்டின் பேக்கப், அதாவது மாற்றுப் பிரதி, வேறு இடத்தில் இருக்க வேண்டும். 2021 மார்ச்சில் பிரான்சின் ஸ்ட்ராஸ்பூர் நகரில் ஓவிஎச் நிறுவனத்தின் தரவு மையம் தீப்பிடித்து எரிந்தபோது, பேக்கப்பையும் அங்கேயே வைத்திருந்தவர்கள் இரண்டையும் சேர்த்து இழந்தார்கள். ஈமெயில், கேட்வே கணக்குகளுக்கு இரண்டடுக்குச் சரிபார்ப்பு (பாஸ்வேர்டோடு ஃபோனில் வரும் குறியீடு போல இன்னொன்றையும் கேட்பது) போடுங்கள்.

பணம் வருகிற விதத்தையும் முன்கூட்டியே புரிந்துகொள்வது நல்லது. இன்றைக்கு விற்ற பணம் இன்றைக்கே கைக்கு வராது, கேட்வே சில நாள் கழித்துத்தான் வங்கிக்கு அனுப்பும். புதுக் கணக்கில் திடீரென்று விற்பனை எகிறினால் சரிபார்க்கிறோம் என்று நிறுத்தியும் வைப்பார்கள். வாங்கியவர் தன் வங்கியிடம் புகார் கொடுத்துப் பணத்தைத் திரும்பப் பெறவும் முடியும். அப்போது பொருள் போய்ச் சேர்ந்ததற்கான ஆதாரத்தை நீங்கள்தான் காட்ட வேண்டும், தனிக் கட்டணமும் பிடிப்பார்கள். ஆகவே டிராக்கிங் இல்லாமல் எதையும் அனுப்பாதீர்கள். தொழிலுக்குத் தனி வங்கிக் கணக்கு முதல் நாளே வேண்டும். வரிக்காக ஒரு பங்கை ஒவ்வொரு மாதமும் ஒதுக்கி வையுங்கள், பதிவும் உரிமமும் உங்கள் நாட்டுச் சட்டப்படி என்ன தேவை என்று கணக்காளரிடம் ஒருமுறை கேட்டுவிடுங்கள். கணக்கில் கிடக்கும் பணம் முழுவதும் லாபம் என்று நினைத்துச் செலவழித்தவர்கள் வரி கட்டும் மாதத்தில் கடன் வாங்குகிறார்கள்.

நம்பிக்கையைக் கெடுக்கும் குறுக்குவழிகளைத் தொடவே தொடாதீர்கள். இணையத்தில் கிடைத்த படத்தை எடுத்துப் போடுவது காப்புரிமைப் பிரச்சினையைக் கொண்டுவரும், பொருள் படம் போல இல்லை என்று ரிட்டர்னும் வரும். பொய்யான விமர்சனங்களை வாங்குவது அமெரிக்காவில் 2024 அக்டோபர் முதல் அபராதத்துக்குரிய விதிமீறல். ஐரோப்பிய ஒன்றியத்தில் இருப்பவர்களுக்கு விற்பதாக இருந்தால், 2018 மே முதல் நடைமுறையில் உள்ள தனிநபர் தரவுச் சட்டம் நீங்கள் எங்கே இருந்தாலும் உங்களையும் கட்டும். தேவையில்லாத விவரங்களை வாடிக்கையாளரிடம் கேட்காமல் இருப்பதே இதில் நல்ல பாதுகாப்பு. பொருள் தாமதமானால் அவர் கேட்பதற்கு முன் நீங்களே சொல்லுங்கள். கோபத்தோடு எழுதுகிறவர்களில் பலருக்கு அன்றே ஒரு மனிதர் பதில் எழுதினால் கோபம் தணிந்துவிடுகிறது.

இன்னொன்றை மனதாரச் சொல்ல விரும்புகிறேன். "ஸ்டாக் வேண்டாம், உழைப்பு வேண்டாம், தூங்கும்போதே பணம்" என்று விலை உயர்ந்த பயிற்சி வகுப்பு விற்கிறவர்களிடம் ஏமாறாதீர்கள். ஸ்டாக் வைக்காமல் மூன்றாம் ஆளிடமிருந்து நேராக அனுப்பும் டிராப்ஷிப்பிங் சட்டபூர்வமான முறைதான். ஆனால் தரமும் டெலிவரி நாளும் உங்கள் கையில் இருக்காது, அதே பொருளை நூறு பேர் விற்பார்கள், புகார் மட்டும் உங்களுக்கு வரும். பயிற்சிக்குக் கொடுக்க வைத்திருக்கும் பணத்தில் முதல் பத்து ஆர்டர் சோதனையை நடத்திவிடலாம்.

வேலையை எப்போது விடுவது என்பதையும் நீங்கள் யோசித்துக்கொண்டிருப்பீர்கள். இப்போது விடாதீர்கள். விளம்பரம், ரிட்டர்ன், வரிக்கு ஒதுக்கியது எல்லாம் போக மிஞ்சுகிற தொகை தொடர்ந்து ஆறு மாதம் உங்கள் வீட்டுச் செலவைத் தாண்ட வேண்டும். அந்த ஆறு மாதத்தில் விற்பனை மந்தமாகும் காலமும் ஒன்று வந்துபோயிருக்க வேண்டும். பண்டிகை மாத விற்பனையை மட்டும் பார்த்து ராஜினாமாக் கடிதம் எழுதியவர்கள் அடுத்த மாதமே திணறுகிறார்கள். அதுவரை லோகோவை அப்படியே வைத்திருங்கள், வெப்சைட் ஆளிடம் ஒரே ஒரு பக்கம் மட்டும் கேளுங்கள், ஒரு பொருளைப் போட்டு விற்றுப் பாருங்கள்.